பூட்டின் ஆயுள்

1977 ஆகஸ்ட் மாத ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் மார்ட்டின் கார்ட்னர் தன் கணிதப் பத்தியில் ஒரு புதிய பூட்டை அறிமுகப்படுத்தினார். ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மன் என்ற மூவர் எம்.ஐ.டி.யில் செய்த பூட்டு அது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த எண்ணை மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் கண்டுபிடி என்றால் கடினம். அந்தக் கடினம்தான் பூட்டு. 129 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை அச்சிட்டு, இதை உடைத்து உள்ளே இருக்கும் செய்தியைப் படிப்பவருக்கு 100 டாலர் பரிசு என்று அறிவித்தார்கள். எவ்வளவு காலம் ஆகும் என்று ரிவெஸ்ட் ஒரு மதிப்பீடும் தந்திருந்தார். நம் கணக்கில் சொன்னால் 400 கோடி கோடி ஆண்டுகள். 1994 ஏப்ரலில் அது திறந்துவிட்டது. இணையம் வழியாகச் சேர்ந்த சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளின் நேரத்தைக் கொடுத்து எட்டு மாதங்களில் வேலையை முடித்தார்கள். 400 கோடி கோடி என்பது 17 ஆகிவிட்டது.

பூட்டைச் செய்தவர்கள் பொய் சொல்லவில்லை. அன்றைக்குத் தெரிந்த வழிகளையும் அன்றைக்கு இருந்த இயந்திரங்களையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். நாளைக்கு யாருக்கு என்ன தோன்றும் என்பதைக் கணக்கில் சேர்க்க வழியில்லை. பிட்காயின் சாவியை ஊகித்துக் கண்டுபிடிக்கப் பிரபஞ்சத்தின் வயதே போதாது என்று யாராவது சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த 17தான் நினைவுக்கு வருகிறது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குச் சங்கேதம் புதிதில்லை. ஒரு கூட்டத்தார் பொதுச்சொல்லை விலக்கிவிட்டுத் தமக்குள் வழங்கும் சொல்லை நன்னூல் ‘குழூஉக்குறி’ என்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள் என்று எடுத்துக்காட்டும் தருவார்கள். பணத்தைச் சுற்றித்தான் அன்றும் சங்கேதம். அந்த ரகசியத்தைப் பள்ளிப் பிள்ளைகள் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள் என்பது வேறு கதை.

பூட்டு செய்தவர்களின் பெயர்களை நாம் சுலபமாகத் தெரிந்துகொள்கிறோம், ஆர்.எஸ்.ஏ. என்ற பெயரே அந்த மூவரின் முதலெழுத்துகள். பூட்டின் முன்னால் வருடக்கணக்காக உட்கார்ந்து அதன் ஆயுள் எவ்வளவு என்று கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் தாமதமாகத்தான் வருகின்றன. அவர்களில் பெண்கள் அதிகம். அந்தப் பக்கத்திலிருந்து இந்த வரலாற்றைப் பார்க்க விரும்புகிறேன்.

1942 ஜூனில் அமெரிக்க ராணுவம் வர்ஜீனியாவில் ஆர்லிங்டன் ஹால் என்ற பெண்கள் கல்லூரியைக் கையகப்படுத்தியது. மாணவிகளை வெளியேற்றிவிட்டுச் சங்கேதம் உடைக்கும் நிலையத்தை அங்கே நிறுவியது. பிறகு அங்கே வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் மறுபடியும் பெண்களே. அவர்களில் ஒருவர் ஜீன் கிரபீல். சில வாரங்களுக்கு முன்புவரை பள்ளி ஆசிரியை. 1943 பிப்ரவரி 1ஆம் தேதி அவரிடம் ஒரு பெரிய குவியல் ஒப்படைக்கப்பட்டது. சோவியத் தூதரகங்கள் மாஸ்கோவுக்கு அனுப்பிய தந்திகள், 1939இலிருந்து வாங்கி வைக்கப்பட்டவை. யாராலும் படிக்க முடியாதவை. ஆனாலும் யாரும் தூக்கி எறியவில்லை. ‘இன்று சேர்த்து வை, நாளை திற’ என்று இப்போது கணினிப் பாதுகாப்புத் துறையில் எச்சரிக்கையாகப் பேசப்படுவது அன்று அங்கே ஒரு அலமாரியாக இருந்தது.

அந்தத் தந்திகளின் பூட்டு சாதாரணமானதல்ல. சொற்களை முதலில் எண்களாக்குவார்கள். பிறகு, எந்த ஒழுங்குமில்லாத எண்கள் அச்சிட்ட ஒரு தாளை எடுத்து, ஒவ்வோர் இலக்கத்தோடும் ஓர் இலக்கத்தைக் கூட்டுவார்கள். கூட்டலில் மீதியை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவது கிடையாது. 7ம் 5ம் சேர்ந்து 12 என்றால் 2 மட்டும் எழுத வேண்டும். அந்தத் தாளுக்கு உலகத்தில் இரண்டே பிரதிகள், ஒன்று அனுப்புபவரிடம், மற்றது பெறுபவரிடம். ஒருமுறை பயன்படுத்தியதும் அழித்துவிட வேண்டும். இப்படிச் செய்தால் எவ்வளவு காலமானாலும் எவ்வளவு பெரிய இயந்திரம் வந்தாலும் திறக்க முடியாது என்பதைக் கிளாட் ஷானன் கணித முறையிலேயே நிறுவினார். 1949இல் அது வெளியானது. ஆயுள் கேட்டால் ‘என்றென்றும்’ என்று நேர்மையாகப் பதில் சொல்லக்கூடிய ஒரே பூட்டு இதுதான்.

அதுவும் திறந்தது. 1942இன் தொடக்கத்தில் சில மாதங்கள் மாஸ்கோவில் ஒரே தாளை இரண்டு முறை அச்சிட்டு வெவ்வேறு கட்டுகளில் கட்டி அனுப்பிவிட்டார்கள். சுமார் 35,000 பக்கங்கள். ஜெர்மானியப் படை மாஸ்கோவை நெருங்கிவந்த நேரம். தாள்களுக்கான தேவை ஏறியிருக்கும், அச்சடிப்பவர்கள்மேல் நெருக்கடியும் ஏறியிருக்கும். இரண்டு செய்திகளை ஒரே தாளால் பூட்டினால் என்ன ஆகும் என்று சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு செய்தியில் 7, இன்னொன்றில் 4, தாளில் 5. பூட்டிய பிறகு 2, 9. இப்போது 2இலிருந்து 9ஐ அதே முறையில், பத்தைக் கடன் வாங்கிக் கழித்தால் 3. மூலத்தில் 7இலிருந்து 4 போனாலும் 3. தாள் காணாமல் போய்விட்டது. இரண்டு செய்திகளுக்கு இடையிலான வித்தியாசம் மட்டும் கையில் நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

நடந்தவர்கள் அந்தக் கல்லூரிக் கட்டடத்துப் பெண்கள். ஜெனிவீவ் குரோட்யன் கணிதம் படித்துப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க விரும்பியவர்; வேலை கிடைக்காமல் ரயில்வே ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்தில் சேர்ந்தவர். ஜப்பானின் ‘பர்ப்பிள்’ சங்கேதத்தை உடைக்க வழிதந்த ஒழுங்கை 1940 செப்டம்பரில் முதலில் பார்த்தது அவர் கண். சோவியத் தந்திகளில் இரட்டித்த தாள்களை அடையாளம் காணும் முறையிலும் அவர் பங்கு உண்டு. ஏஞ்சலின் நன்னி பென்சில்வேனியாவில் தன் சகோதரிகள் நடத்திய அழகு நிலையத்தில் கணக்கு எழுதியவர். கல்லூரிப் பட்டம் இல்லை. எண்கள் நிறைந்த ஒரு தாளைத் தேர்வாகக் கொடுத்தபோது அதற்குள் இருந்த ஒழுங்கை உடனே கண்டுகொண்டார். ‘வெனோனா’ என்று பெயரிடப்பட்ட அந்த வேலையில் 1980 அக்டோபர் 1ஆம் தேதி அது மூடப்படும்வரை இருந்தார். 1943இல் தொடங்கி 1980வரை! 37 வருடங்களில் ஏறக்குறைய 3,000 தந்திகள் முழுதாகவோ பாதியாகவோ படிக்கப்பட்டன. இந்தப் பெண்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று வீட்டாருக்குத் தெரியாது. உலகத்துக்குத் தெரிந்தது 1995இல்.

இந்தக் கதையைப் பெண்களின் சாதனைக் கதையாக இங்கேயே முடித்துக்கொள்ளலாம். முடிக்க எனக்கு மனமில்லை. அந்தத் தந்திகளில் ஒன்றில் இன்னொரு பெண் இருக்கிறார்.

1944 நவம்பர் 27 தேதியிட்டு நியூயார்க்கிலிருந்து மாஸ்கோ போன தந்தி அது. ஓர் உளவாளியின் மனைவியைப் பற்றிய குறிப்பு. கணவனின் குடும்பப் பெயர்தான் அவளுக்கும், பெயர் எத்தெல், வயது 29, மணமாகி ஐந்து வருடம், கணவன் செய்யும் வேலை தெரியும், உடல்நலம் சரியில்லாததால் அவள் வேலை செய்வதில்லை. மற்றவர்களுக்கெல்லாம் புனைபெயர் இருக்க, இவருக்குச் சொந்தப் பெயரே நிற்கிறது. எத்தெல் ரோசன்பர்க் 1950 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டார். கைதாகிச் சில நாட்களிலேயே, வெனோனாவின் மொழியறிஞர் மெரிடித் கார்ட்னர், கணவனின் வேலை அவருக்குத் தெரியும், தான் அதில் ஈடுபடவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பு வெளியே வந்தது 2024இல். நீதிமன்றத்தில் வெனோனாவின் ஒரு தாள்கூட வைக்கப்படவில்லை. பூட்டு திறந்துவிட்டது என்ற செய்தி அரசுக்கு அவ்வளவு பெரிய ரகசியம். குறிப்புகளைத் தட்டச்சு செய்தது எத்தெல்தான் என்று அவருடைய சொந்தத் தம்பி சொன்ன சாட்சியே பெரிதாக நின்றது. அது தனக்கு நினைவில்லாத விஷயம் என்று தம்பி 2001இல் ஒப்புக்கொண்டார். எத்தெலும் கணவர் ஜூலியஸும் 1953 ஜூன் 19ஆம் தேதி மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்கள்.

அந்தத் தந்தி அவரைக் குற்றமற்றவர் என்று காட்டியிருக்கும் என்று நான் வாதாடவில்லை. ‘தெரியும்’ என்றும் அதில் இருக்கிறது, ‘செய்வதில்லை’ என்றும் இருக்கிறது. இரண்டையும் வைத்து வழக்காடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். பூட்டு திறந்த செய்தி யாருக்கு எப்போது தெரிகிறது என்பதும் பூட்டின் வரலாற்றில் சேர்ந்ததுதான்.

வெனோனாவில் கணிதம் தோற்கவில்லை, அச்சகம் தோற்றது. கணிதமே தோற்ற கதைக்குச் சீனாவுக்குப் போக வேண்டும்.

வாங் சியாயுன் ஷான்டாங் பல்கலைக்கழகத்தில் எண் கோட்பாடு படித்தவர். அவர் கைவைத்தது ‘ஹேஷ்’ என்னும் கருவியில். ஒரு கடிதமோ ஒரு நூலகமோ எதைக் கொடுத்தாலும் ஒரே நீளமுள்ள சின்ன எண்ணாகச் சுருக்கித் தருவது அது, கைரேகை மாதிரி. இரண்டு வெவ்வேறு ஆவணங்களுக்கு ஒரே ரேகையை வேண்டுமென்றே உருவாக்க முடிந்துவிட்டால், ஒன்றில் கையெழுத்து வாங்கி இன்னொன்றில் ஒட்டலாம். எம்.டி.5 என்ற ஹேஷை 1991இல் வடிவமைத்தவர் அதே ரிவெஸ்ட். பத்து வருடத்துக்கு மேலாக உலகம் முழுதும் பயன்பட்டது. 2004 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் நடந்த ‘கிரிப்டோ’ மாநாட்டில், அதிகம் அறியப்படாத வாங் மேடையேறி, எம்.டி.5இல் ஒரே ரேகை கொண்ட இரண்டு செய்திகளைக் காட்டினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பெரிய கணினிகளைவிடக் காகிதத்தையும் பென்சிலையும் நம்பியவர் அவர். ஒவ்வொரு சுற்றிலும் எந்த பிட் எப்படி மாற வேண்டும் என்று கையாலேயே சமன்பாடுகளை எழுதிச் சென்றவர். குழந்தையைத் தூக்கிக்கொண்டும் வீட்டு வேலை செய்துகொண்டும் மனதில் இதையே ஓட்டிக்கொண்டிருந்ததாக அவர் சொன்னதைப் பத்திரிகைகள் ஆசையோடு எழுதின. ரிவெஸ்டின் வீட்டில் யார் சமைத்தார்கள் என்று எந்தப் பத்திரிகையும் கேட்டதாக நினைவில்லை.

அடுத்த வருடம் எஸ்.ஹெச்.ஏ.-1. அமெரிக்க அரசின் தரநிலை அது. வாங் சியாயுன், யின் யிச்சுன், யூ ஹோங்போ என்ற மூன்று பெண்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை, அதை உடைக்கத் தேவை என்று நம்பப்பட்ட உழைப்பில் 2,048இல் ஒரு பங்கே போதும் என்று காட்டியது. 2005 ஆகஸ்டில் மீண்டும் சான்டா பார்பரா. இந்த முறை வாங்குக்கு விசா உரிய நேரத்தில் வரவில்லை. அவருடைய இன்னும் கூர்மையான முடிவு ஒன்றை அரங்கில் எடுத்துச் சொன்னவர் அடி ஷமிர், ஆர்.எஸ்.ஏ.வின் நடு எழுத்து. கண்டுபிடிப்புக்கு எல்லை கடக்க அனுமதி இருந்தது, கண்டுபிடித்தவருக்கு இல்லை.

எச்சரிக்கை வந்தது 2005இல். எஸ்.ஹெச்.ஏ.-1இல் உண்மையான மோதலை ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிலையமான சி.டபிள்யூ.ஐ.யும் கூகுளும் செய்து காட்டியது 2017 பிப்ரவரியில். இடையில் 12 வருடம், விட்டுவிட்டு வேறு பூட்டுக்கு மாறிக்கொள்ள. மாறாமல் இருந்தவர்கள் ஏராளம். எம்.டி.5 விஷயத்தில் அந்தச் சோம்பலுக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது: 2012இல் வெளிப்பட்ட ‘ஃப்ளேம்’ என்ற உளவு நிரல் மைக்ரோசாஃப்டின் கையெழுத்தைப் போலி செய்தது இந்த ஓட்டை வழியாகத்தான். சந்தேகப்படுகிறவளைத் தொல்லை பிடித்தவள் என்று ஒதுக்குவது வீட்டில் மட்டும் நடப்பதில்லை.

இப்போது பிட்காயின். ‘கிரிப்டோ’ என்ற பெயர் பலரை ஏமாற்றுகிறது. அந்தப் பேரேட்டில் எதுவும் மறைக்கப்படவில்லை. 2009 ஜனவரி 3ஆம் தேதி முதல் பக்கம் எழுதப்பட்டது முதல் இன்றுவரை எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மறைவாக இருப்பது ஒன்றே ஒன்று, பணத்தை எடுக்கக் கையெழுத்துப் போடும் ரகசிய எண். அதிலிருந்து பொதுச்சாவி என்ற இன்னோர் எண்ணைக் கணக்கிடுவது எளிது. பொதுச்சாவியிலிருந்து ரகசிய எண்ணுக்குத் திரும்பி வருவது கடினம். எலிப்டிக் கர்வ் என்ற கணிதத்தில் இருக்கிறது அந்தக் கடினம். பெருக்கலில் இருந்ததுபோல இதுவும் ‘இன்றுவரை யாருக்கும் வழி தெரியவில்லை’ என்ற வகைதான். ஷானன் நிறுவியதுபோல ‘என்றென்றும்’ இல்லை.

உண்மையில் ஒரு வழி தெரிந்தே இருக்கிறது. அந்த 129 இலக்கம் உடைந்த அதே 1994இல் பீட்டர் ஷோர், போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி ஒன்று இருந்தால் இந்த இரண்டு வகைக் கடினங்களும் எளிதாகிவிடும் என்று காட்டினார். அப்படி ஒரு கணினி இன்னும் கட்டப்படவில்லை. அதனால் பிட்காயின் செய்தவர்கள் அறியாமல் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஷோருக்கு 15 வருடத்துக்குப் பின் பிறந்த பணம் அது. ஹேஷ் பக்கம் நிலைமை மேல். அது பயன்படுத்தும் எஸ்.ஹெச்.ஏ.-256 வாங் தொட்டதற்கு அடுத்த தலைமுறை, இதுவரை நிற்கிறது. குவாண்டம் கணினியும் அதை இந்த அளவுக்குக் கரைப்பதில்லை.

புதிய பூட்டுகளும் வந்துவிட்டன. அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2016இல் அழைப்பு விடுத்து, 2024 ஆகஸ்டில் மூன்று தரநிலைகளை வெளியிட்டது. அந்தப் போட்டியில் நான்காம் சுற்றுவரை வந்த ‘சைக்’ என்ற பூட்டு 2022இல் என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சாதாரணக் கணினியின் ஒற்றைச் செயலியில் சுமார் ஒரு மணி நேரத்தில் அதை உடைத்தார்கள். குவாண்டமும் தேவைப்படவில்லை, ஒன்றும் தேவைப்படவில்லை. பழைய கணிதத் தேற்றம் ஒன்று போதுமாயிருந்தது.

வங்கியில் பூட்டு மாற்றினால் வங்கி மாற்றிக்கொள்ளும், நமக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். பிட்காயினில் அப்படிச் செய்ய ஆள் இல்லை. எல்லாரும் ஒப்புக்கொண்டு விதியை மாற்ற வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தன் கையால் தன் பணத்தைப் புதிய வகை முகவரிக்கு நகர்த்த வேண்டும். தொடக்க ஆண்டுகளின் நாணயங்கள் பலவற்றுக்குப் பொதுச்சாவி பேரேட்டிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. பின்னால் வந்த முகவரிகளில் பெரும்பாலும் அதன் ஹேஷ் மட்டும் இருக்கும், ஆனால் ஒருமுறை செலவழித்ததும் சாவி வெளியே வந்துவிடும். ஆர்லிங்டன் ஹாலில் தந்திகளை அலமாரியில் காத்து வைக்க ஒரு ராணுவம் வேண்டியிருந்தது. இங்கே அலமாரி உலகம் முழுதும் ஆயிரக்கணக்கான கணினிகளில் பிரதியெடுத்துத் திறந்தே கிடக்கிறது. எந்தப் பக்கத்தையும் கிழிக்க முடியாது என்பதுதான் அதன் பெருமையே.

இதெல்லாம் பணம் உள்ள ஆண்களின் கவலை என்று விட்டுவிடலாமே என்று தோன்றலாம். ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் ரோயா மஹ்பூப் என்ற தொழில்முனைவர் நடத்திய மென்பொருள் நிறுவனத்தைப் பற்றிப் படித்த பிறகு என்னால் அப்படி விட முடியவில்லை. அவரிடம் வேலை பார்த்த, எழுதிய இளம்பெண்கள் பலருக்கு வங்கிக் கணக்கு இல்லை. கையில் பணமாகக் கொடுத்தால் அப்பாவோ அண்ணனோ கணவரோ வாங்கிக்கொள்வார்கள். 2013 வாக்கில் அவர் அவர்களுக்குப் பிட்காயினில் சம்பளம் கொடுக்கத் தொடங்கினார். கைபேசிக்குள் இருக்கும், வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அரிசிப் பானையில் காசு ஒளித்து வைத்த அம்மாக்களின் மகள்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பின்னாளில் நாட்டை விட்டு வெளியேறியபோது அந்தச் சேமிப்போடு எல்லை தாண்டியவர்களும் உண்டு. நகையைச் சோதனைச் சாவடியில் பிடுங்கலாம். மனதில் இருக்கும் பன்னிரண்டு சொற்களைப் பிடுங்க முடியாது.

ஆமாம், பன்னிரண்டு சொற்கள். சிலவற்றில் இருபத்து நான்கு. ரகசிய எண்ணை மனிதர் எழுதி வைக்கத் தோதாகச் சொற்களாக மாற்றித் தருகிறார்கள். 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுக்கப்படுபவை. ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம், சீனம், பிரெஞ்சு என்று சில மொழிகளில் பட்டியல் உண்டு. தமிழில் இல்லை. ஹெராத்தில் பேசும் தரி மொழியிலும் இல்லை. தனக்குப் பழக்கமில்லாத மொழியின் பன்னிரண்டு சொற்களை நினைவில் வைத்துக்கொண்டுதான் ஒரு பெண் தன் பணத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

இந்தப் பூட்டு மாறும் நாளில் நகர்த்தத் தெரிந்தவர்கள் நகர்த்திவிடுவார்கள். மாநாட்டு அறிவிப்புகளைப் படிப்பவர்கள், ஆலோசகர் வைத்திருப்பவர்கள். நகர்த்தப்படாமல் நிற்கும் பழைய நாணயங்களை என்ன செய்வது என்று பிட்காயின் வட்டாரத்தில் இப்போதே விவாதம் நடக்கிறது. ஒரு தேதிக்குப் பிறகு அவற்றை முடக்கிவிடலாம் என்று ஒரு தரப்பு. முடக்குவது பறிப்பதற்குச் சமம், உடைத்து எடுப்பவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று இன்னொரு தரப்பு. இரண்டிலும் பணம் நகர்த்தாதவளிடமிருந்து போய்விடுகிறது. விவாதத்தில் பெரிதாகப் பேசப்படுவது சதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயருக்குப் பின்னால் இருப்பவருடைய அசையாத நாணயங்கள். அவை சுமார் பத்து லட்சம் இருக்கும் என்பது மதிப்பீடு. பத்து வருடத்துக்கு முன்பு வாங்கிய சம்பளத்தை ஒரு பழைய கைபேசியில் விட்டுவைத்து, புதிய நாட்டில் அகதி முகாமுக்கும் வேலைக்கும் நடுவில் அலைந்துகொண்டிருப்பவளுக்கு, உன் பூட்டு பழசாகிவிட்டது என்று தகவல் சொல்ல வழியில்லை. பேரேட்டில் அவளுக்கு முகவரி உண்டு; பெயர் கிடையாது.